மதுரைக்காஞ்சியில் கள்வர்களுக்கு எத்தனை அடிகள்?

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்த மாணவர் ஒருவர் வேலை கிடைத்துச் சென்னைக்குப் போனார். மதுரையில் தெற்கு மாசி வீதிப் பக்கம் வீடு. வீட்டுக்குள் பேசுவது சௌராஷ்டிரம். தந்தை சுங்குடிச் சேலைக்குச் சாயம் ஏற்றுபவர். வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்லவே கூச்சப்படுகிற பிள்ளை அவர். ஆறு மாதம் கழித்து விடுமுறைக்கு வந்தபோது கல்லூரிக்கு வந்து என்னைப் பார்த்தார். பேச்சு அடியோடு மாறியிருந்தது. 'வந்தாய்ங்க', 'போனாய்ங்க', 'அங்கிட்டு', 'இங்கிட்டு' என்பவை எல்லாம் அவர் தெருவில் சிறுவயது முதல் கேட்ட சொற்கள்தாம். அவற்றின் மேல் ஏறியிருந்த அதட்டல்தான் புதியது. நடுநடுவே ஓர் 'ஏலே' வேறு. அது நெல்லைச் சீமைக்குரிய விளி. மதுரைத் தெருக்களில் அப்படி யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை.

"எங்கே தம்பி பிடித்தாய் இந்தப் பேச்சை?" என்று கேட்டேன்.

"அறையில் இருப்பவர்கள் மதுரைக்காரன் என்றால் இப்படித்தான் பேசுவான் என்று எதிர்பார்க்கிறார்கள் ஐயா. பேசாவிட்டால் நீ மதுரையே இல்லை என்கிறார்கள். டிவியைப் பார்த்துத்தான் கொஞ்சம் பழகிக்கொண்டேன்" என்றார், சிரித்துக்கொண்டே.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓர் ஊரைப் பற்றிய பிம்பத்தை வெளியூர்க்காரர்கள் நம்புவது ஒன்று. அந்த ஊர்ப்பிள்ளையே அந்தப் பிம்பத்தைப் பார்த்துத் தன் ஊரைக் கற்றுக்கொள்வது வேறொன்று. இக்கட்டுரை அந்த இரண்டாவது நிகழ்வைப் பற்றியது.

அரிவாள் மதுரையைச் சின்னத்திரை தானாக உருவாக்கிவிடவில்லை. அது சினிமாவிடமிருந்து கடன் வாங்கியது. 1992இல் வந்த 'தேவர் மகன்' தொடங்கி, 'விருமாண்டி', 'மதுர', 'சண்டக்கோழி', 'பருத்திவீரன்' என்று பதினைந்தே ஆண்டுகளில் ஒரு நிலவியல் தமிழ்த் திரையில் நிலைபெற்றது. இவை எல்லாம் ஒரே தரத்தன அல்ல. 'தேவர் மகன்' வன்முறையின் முடிவில் கல்வியைப் பரிந்துரைக்கும் படம். 'விருமாண்டி' மரண தண்டனைக்கு எதிராக வாதாடும் படம். ஆனால் இவற்றுள் மிகுந்த வரலாற்று மதிப்புடைய சான்றாக எனக்குத் தோன்றுவது, இலக்கிய அன்பர்கள் பொதுவாகப் பொருட்படுத்தாத 'கில்லி'தான்.

2004இல் வந்த 'கில்லி', 2003இல் தெலுங்கில் வந்த 'ஒக்கடு' படத்தின் தழுவல். தெலுங்கில் நாயகன் ஹைதராபாத்துக்காரன். கபடி ஆடக் கர்நூலுக்குப் போகிறான். அங்கே ஒரு கொடியவனிடமிருந்து ஒரு பெண்ணை மீட்டு வருகிறான். கர்நூல், ராயலசீமையின் கோஷ்டிப் பகைகளுக்குத் தெலுங்குத் திரை சூட்டியிருக்கும் முகவரி. தமிழுக்கு வந்தபோது ஹைதராபாத் சென்னையாயிற்று, கர்நூல் மதுரையாயிற்று. அதே கதை 2015இல் 'தேவர்' என்ற பெயரில் இந்திக்குப் போனது. அங்கே நாயகன் ஆக்ராக்காரன், கொடியவன் இருக்கும் ஊர் மதுரா. அதாவது நம் பழைய வழக்கில் வடமதுரை! தென்மதுரை போய் வடமதுரை வந்து நின்ற இந்தப் பெயர்ப்பொருத்தம் தற்செயலாகவே இருக்கலாம். எனினும் ஓர் உண்மை தெளிவாகிறது. கதைக்குள் ஏற்கெனவே ஒரு காலியிடம் இருக்கிறது. தலைநகரத்து இளைஞன் போய் வென்றுவர ஒரு முரட்டூர் வேண்டும். அந்த இடத்தில் எந்த ஊரையும் எழுதிக்கொள்ளலாம். மதுரையின் எந்தத் தன்மையும் அக்கதைக்குத் தேவைப்படவில்லை. மீனாட்சியம்மன் கோபுரம் பின்னணியில் தெரிந்தால் போதும்.

சினிமாவோடு இது நின்றிருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. திரையரங்கில் ஒரு படம் சில வாரங்கள் ஓடி மறைந்துவிடும். பார்த்தவர் முழுதாகப் பார்ப்பார், முடிவையும் பார்ப்பார். தொலைக்காட்சியின் இயல்பு வேறு. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15இல் தொடங்கியபோதும், அதன் பின் நெடுங்காலமும், ஞாயிறு மாலைக்கு ஒரு படம் என்பதுதான் கணக்கு. 1993 ஏப்ரலில் சன் தொலைக்காட்சி வந்த பிறகு, அதைத் தொடர்ந்து பல அலைவரிசைகள் முளைத்த பிறகு, படம் என்பது நாள் முழுதும் வீட்டுக் கூடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பொருளாயிற்று. முழுப்படமாக அன்று, துண்டு துண்டாக. பாடல் அலைவரிசையில் பாடல் மட்டும், நகைச்சுவை அலைவரிசையில் நகைச்சுவை மட்டும், வரவிருக்கும் படத்தின் முன்னோட்டத்தில் அதட்டல் வசனம் மட்டும். 'தேவர் மகன்' படத்தின் பெருமிதப் பாட்டு ஆயிரம் முறை ஒளிபரப்பானால், அந்தப் பாட்டின் வழி எங்கே கொண்டு விடுகிறது என்று காட்டும் இறுதிக் காட்சி பத்து முறை ஒளிபரப்பாகியிருக்கும். கமல்ஹாசன் எழுதிய வாதத்தின் முதற்பாதி மட்டும் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. 'சுப்பிரமணியபுரம்' படத்துக்கும் இதுவே நேர்ந்தது. நண்பர்கள் ஏமாற்றப்பட்டு ஒருவரையொருவர் காட்டிக்கொடுத்து அழியும் கதை அது. சின்னத்திரையில் எஞ்சியவை ஒரு காதல் பாட்டும் சில துரத்தல்களுமே.

இதன் மேல் மேடை நகைச்சுவை வந்தது. 2005இல் விஜய் தொலைக்காட்சியில் 'கலக்கப்போவது யாரு' தொடங்கியதிலிருந்து, இரண்டு நிமிடத்தில் ஓர் ஊரை நடித்துக் காட்டும் கலை வளர்ந்தது. கோவைக்காரர் என்றால் 'ஏனுங்க', நெல்லை என்றால் 'ஏலே', மதுரை என்றால் தோளைச் சிலுப்பி முதுகுப் பின்னாலிருந்து எதையோ உருவும் பாவனை. இரண்டு நிமிடத்தில் இதற்கு மேல் என்ன செய்ய முடியும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வேடிக்கை என்னவென்றால், அந்த மேடைகளில் ஊர்ப்பெயரையே முன்னொட்டாகச் சூடி வந்து புகழ்பெற்ற மதுரை முத்து அரிவாளை நம்பிப் பிழைத்தவர் அல்லர். சொல் விளையாட்டும் வீட்டுச் சங்கதியுமே அவர் சரக்கு. இருந்தும் அவர் வாயில் கேட்ட மதுரையை யாரும் மதுரையின் இலக்கணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

இதைவிடப் பெரிய சான்று பட்டிமன்றம். பண்டிகை நாள் காலையில் தமிழகத்தின் பல லட்சம் வீடுகளில் கேட்பது பேராசிரியர் சாலமன் பாப்பையாவின் குரல். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் தமிழ் பயிற்றுவித்தவர், 2021இல் பத்மஸ்ரீ பெற்றவர். அவர் பேசுவது கலப்பில்லாத மதுரைப் பேச்சு. அந்தக் குரல் எதிராளியின் கட்சியையும் எடுத்துச் சொல்லும், சிரிக்க வைக்கும், தீர்ப்பை ஒத்திப்போட்டு ஒத்திப்போட்டுக் கடைசியில் சொல்லும். நண்பகல் தாண்டியதும் அதே பெட்டியில் அதே வட்டார வழக்கைப் பேசிக்கொண்டு ஒருவன் அரிவாளோடு ஓடுகிறான். ஒரே நாளில் இரண்டு மதுரைகள். காலையில் கேட்டதை 'ஐயாவின் பேச்சு' என்று தனியொருவர் கணக்கில் எழுதுகிறோம். பிற்பகலில் பார்த்ததை 'மதுரைக்காரன் புத்தி' என்று ஊர்க்கணக்கில் எழுதுகிறோம். பொதுப்புத்தி இயங்கும் முறை இதுதான் போலும். பிம்பத்தோடு பொருந்துவது ஊரின் இயல்பாகிறது, பொருந்தாதது விதிவிலக்காகிறது.

தமிழ் படித்தவனுக்கு இங்கே மாங்குடி மருதனார் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. மதுரைக்காஞ்சியின் 782 அடிகளில் கள்வர்களும் இருக்கிறார்கள். அவர் எதையும் மறைக்கவில்லை. கல்லையும் மரத்தையும் துணிக்கும் வாள், காலில் செருப்பு, இடையில் நீலக் கச்சை, மதிலேற நூலேணி, நிலம் தோண்ட உளி என்று அவர்களின் கருவிகளைக்கூட விடாமல் சொல்கிறார். எண்ணிப் பார்த்தால் ஏறத்தாழப் பத்து அடிகள். உடனடியாக அவர்களைக் கண்காணிக்கும் ஊர்க்காவலர் வந்துவிடுகிறார்கள். எஞ்சிய நகரம் யாருடையது? சங்கறுப்பவர், மணி துளையிடுபவர், பொன் உரைத்துப் பார்ப்பவர், புடவை விற்பவர், செம்பு நிறுப்பவர், ஓவியம் எழுதுபவர், பூவும் வெற்றிலையும் சுண்ணமும் விற்பவர், பௌத்தப் பள்ளிக்குப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு போகும் பெண்கள், சமணத் துறவியர், அறங்கூறு அவையத்தார், நள்ளிரவில் பண்டத்தின் முன் உட்கார்ந்தபடியே உறங்கிப்போகும் அப்ப வணிகர். தொலைக்காட்சி அந்தப் பத்து அடிகளை எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிட்டது. பத்து அடிகள் பொய்யில்லை. விகிதம்தான் பொய்.

விகிதத்தோடு இது முடிந்துவிட்டால் நல்லது. முடியவில்லை.

பிறப்பிலேயே முரடர்கள் என்று ஒரு மக்கள் கூட்டத்தை வரையறுக்கும் பழக்கம் திரைக்கு முன்பே இங்கே இருந்தது. 1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்தின்படி மதுரைக்கு மேற்கேயுள்ள பிறமலைக் கள்ளர்களை ஊர் ஊராகக் கைரேகை பதியச் சொன்னது ஆங்கில அரசு. பெருங்காமநல்லூர் மக்கள் மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3ஆம் நாள் காவல்துறை சுட்டதில் 16 பேர் மாண்டனர், மாயக்காள் என்ற பெண் உட்பட. சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947இல்தான் நீங்கியது. ஆங்கிலேயன் இழிவாக எழுதிவைத்த அதே வாக்கியத்தைத் திரை பெருமையாக மாற்றி வாசித்தது. வன்முறை இவர்கள் ரத்தத்தில் இருக்கிறது என்பதே இரண்டு இடத்திலும் பொருள். பெருங்காமநல்லூரில் செத்தவர்கள் மறுத்தது அந்த வாக்கியத்தைத்தான். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு அதையே மெட்டமைத்துக் கொடுத்திருக்கிறோம்.

இனி, அரிவாளால் உண்மையில் வெட்டப்பட்டவர்கள். திரையில் வரும் மதுரைச் சண்டை எப்போதும் இரண்டு பெரிய வீடுகளுக்கு இடையிலானது. இருபுறமும் மீசை, இருபுறமும் வாகனங்கள், இருபுறமும் நிலம். மேலூர் வட்டம் மேலவளவில் நடந்தது அப்படியன்று. தனித்தொகுதியாக ஒதுக்கப்பட்ட ஊராட்சிக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் உடன் சென்றவர்களும் 1997 ஜூன் 30ஆம் நாள் பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டனர். அவர் செய்த குற்றம் தலித்தாகப் பிறந்து தலைவர் நாற்காலியில் உட்கார முயன்றது. உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 1996இலிருந்து பத்தாண்டுகள் முறையான தேர்தல் நடத்த முடியாமல் இருந்து, 2006 அக்டோபரில்தான் நடந்தது. உத்தப்புரத்தில் தெருவை மறித்து நின்ற சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது 2008 மே 6ஆம் நாள். இந்த ஆண்டுகளை மேலே சொன்ன படங்களின் ஆண்டுகளோடு அருகருகே வைத்துப் பாருங்கள். ஊராட்சித் தேர்தலுக்கு மனுச் செய்யவே ஒருவன் அஞ்சிய அதே காலத்தில், அதே மாவட்டத்தின் அரிவாள் தமிழ்நாட்டின் வீட்டுக் கூடங்களில் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தது. 'மதுரைக்காரன் கோபக்காரன்' என்று சொல்லும்போது யார் கை, யார் கழுத்து என்ற கேள்வி மறைந்துவிடுகிறது. சாதி, ஊர்க்குணமாகிவிடுகிறது. ஊர்க்குணத்தின் மேல் யாரும் வழக்குப் போட முடியாது.

இந்தப் பிம்பத்தை உள்ளிருந்து கேலி செய்த படைப்புகளும் உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. மதுரைக்காரரான கார்த்திக் சுப்புராஜின் 'ஜிகர்தண்டா' (2014), ரவுடிப் படம் எடுக்க ஆசைப்பட்டு மதுரைக்கு 'ஆராய்ச்சி' செய்ய வரும் ஓர் இளம் இயக்குநரைப் பற்றியது. மதுரைக்கு வந்தால் ரவுடி கிடைப்பான் என்ற நம்பிக்கையே அங்கு கதைப்பொருள். இலக்கியத்திலோ அதற்கு வெகுகாலம் முன்பே ஜி. நாகராஜன் 'நாளை மற்றுமொரு நாளே' நாவலில் இந்நகரத்தின் விளிம்பில் வாழ்பவர்களை எழுதிவிட்டார். அவருடைய கந்தனுக்குப் பெருமையும் இல்லை, பின்னணி இசையும் இல்லை. அன்றன்றைய பாடு மட்டும் இருக்கிறது. ப. சிங்காரம் 'புயலிலே ஒரு தோணி'யில் கடல் கடந்த மண்ணில் ஒருவனை உட்காரவைத்து மதுரைத் தெருக்களை நினைக்க வைக்கிறார். கடை, தெரு, ஆள், வாசனை என்று நினைவு ஓடுகிறது. இவற்றை எத்தனை பேர் படித்திருப்பார்கள், எத்தனை பேர் பிற்பகல் படத்தைப் பார்த்திருப்பார்கள் என்ற ஒப்பீட்டை நான் செய்யப்போவதில்லை.

சென்ற பருவத்தில் மதுரைக்காஞ்சி பாடம் நடத்தும்போது மாணவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். பாட்டில் வரும் மதுரை மாந்தரை ஒரு பக்கமும், தொலைக்காட்சியில் பார்த்த மதுரை மாந்தரை மறுபக்கமும் பட்டியலிட வேண்டும். முதல் பட்டியல் இரண்டு பக்கம் போயிற்று. இரண்டாவது எல்லாருக்கும் ஐந்தாறு வரிகள்தான். மேலூர்ப் பக்கத்திலிருந்து பேருந்தில் வரும் மாணவி ஒருவரின் தாளில் மட்டும் இரண்டாவது பட்டியல் வெறுமையாக இருந்தது. எழுத மறந்துவிட்டார் என்று நினைத்து வகுப்பு முடிந்தபின் கேட்டேன்.

"மறக்கவில்லை ஐயா" என்றார். "அந்தப் படங்கள் வந்தால் எங்கள் வீட்டில் அப்பா சேனலை மாற்றிவிடுவார். நான் எதையும் முழுதாகப் பார்த்ததில்லை."