கைப்பேசி செய்த கைகளும் கைக்கு எட்டாத செய்தியும்

விஞ்ஞானம் வளர்ந்தால் பொய் தானே மாயும் என்று நம்புவோர் நம்மிடையே பலர். வானொலி வந்தது, தொலைபேசி வந்தது, இன்று கைப்பேசி ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. இனிப் புரளிக்கு இடமேது என்று அவர்கள் கேட்கின்றனர். வரலாறு தரும் விடையோ வேறு.

1995 செப்டம்பர் 21-ஆம் நாள், பிள்ளையார் சிலை பால் குடிக்கிறது என்ற பேச்சு தில்லியில் கிளம்பிற்று. அன்றே நாடெங்கும் பரவிற்று, கடலும் கடந்தது. அதைச் சுமந்து சென்றது எது? விஞ்ஞானம் தந்த தொலைபேசி! நிறம் கலந்த பாலை ஊட்டிப் பார்த்த அறிவியலார் உண்மையைக் காட்டினர்: கரண்டிப் பால் சிலையின் வாய்க்குள் போகவில்லை, மெல்லிய படலமாய் மேனிமீது வழிந்தது. கருவி புதிது, அது சுமந்த சரக்கோ பழையது.

அந்தப் புரளியை வளர்த்தது குருட்டு நம்பிக்கை. மற்றொரு வகைப் புரளியும் உண்டு. அதை வளர்ப்பது மௌனம். அதற்குச் சான்று நம் அண்டையிலேயே, திருப்பெரும்புதூரில் இருக்கிறது.

இராமானுசர் பிறந்த ஊர் என்று பெயர் பெற்ற அந்தப் பகுதி, கடந்த கால் நூற்றாண்டில் இயந்திரங்களின் ஊராயிற்று. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கின. 2006-இல் நோக்கியா கைப்பேசி ஆலை இயங்கத் தொடங்கி, 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஒரகடத்தில் 2010-இல் ரெனால்ட்–நிசான் ஆலை எழுந்தது. பின்னர் ஆப்பிள் நிறுவனத்துக்காக ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்கள் உருவாயின. அவற்றைப் பொருத்தும் கைகளில் பெரும்பாலானவை இளம்பெண்களின் கைகள். ஊரை விட்டு வந்து விடுதிகளில் தங்கி உழைப்பவர்கள் அவர்கள்.

2021 டிசம்பரில், ஒரு விடுதியில் உண்ட உணவு நஞ்சாகி 250 பெண்களுக்கு மேல் நோயுற்றனர். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். சென்ற தோழியர் எங்கே, எப்படி இருக்கின்றனர்? தெளிவான விடை தரப்படவில்லை என்பதே மற்றப் பெண்களின் குறை. விடை இல்லாத இடத்தில் வதந்தி குடியேறிற்று. சிலர் இறந்துவிட்டனர் என்ற பேச்சு கைப்பேசிவழி பரவ, டிசம்பர் 17 இரவு அவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். இறந்ததாகச் சொல்லப்பட்டவர்களைக் காணொளி அழைப்பில் பேசவைத்துக் காட்டினார் மாவட்ட ஆட்சியர். பொய்யைப் பரப்பிய அதே கருவி, பொய்யைப் பொசுக்கவும் பயன்பட்டது! அதை முதல் நாளே செய்திருந்தால், சாலைக்கு வரவேண்டிய தேவை என்ன?

"படிப்பறிவில்லாப் பெண்கள் வதந்தியை நம்பினர்" என்று எளிதாகப் பேசியவர்கள் உண்டு. நாம் அப்படிப் பேசலாகாது. சாவு பொய், நோய் பொய்யல்ல. அந்த மாத இறுதியில் ஆப்பிள் நிறுவனமே, சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் விதிகளுக்கு ஏற்றவையாக இல்லை என்று ஒப்புக்கொண்டு, ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. ஆலை மீண்டும் திறந்தது 2022 சனவரி 12-இல். 2024 ஆகஸ்டில், வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்குவதற்கான விடுதி திறக்கப்பட்டது. அவர்கள் எழுப்பிய குரலுக்குப் பொருள் இருந்தது என்பதற்கு இவற்றைவிடச் சான்று வேண்டுமா?

புதிய கைப்பேசியின் கண்ணாடி எத்தகையது, படம் எடுக்கும் திறன் எவ்வளவு என்று பக்கம் பக்கமாக விஞ்ஞானச் செய்தி படிக்கிறோம். அதைப் பொருத்தியவள் என்ன உண்டாள், எங்கே உறங்கினாள் என்பது மட்டும் விஞ்ஞானச் செய்தி ஆகாதா? உணவு கெடுவதற்கும் காரணம் உண்டு, தடுப்பதற்கும் வழி உண்டு. அவற்றை ஆராய்வதும் விஞ்ஞானமே.

பகுத்தறிவு பேசும் இளைஞர்களே! கைக்கு வரும் செய்தியை, யார் கண்டார், யார் சொன்னார், சான்று என்ன என்று கேட்டுவிட்டே பிறருக்கு அனுப்புங்கள். அத்தோடு நின்றுவிடாதீர்கள். செய்தி வரவேண்டிய இடத்திலிருந்து வராதபோது, ஏன் மறைக்கிறீர் என்று அதிகாரத்தையும் கேளுங்கள். வதந்தியைச் சட்டத்தால் மட்டும் அடக்க முடியாது. உண்மையை உரிய நேரத்தில் உழைப்பவரிடம் சொல்வதே அதற்கு மருந்து.