கண்மாய் என்னும் ஜீவ மண்டலம்

இயற்கையையும் மனிதனையும் எதிரெதிராக நிறுத்திப் பேசும் வழக்கம் இன்று எங்கும் பரவியிருப்பினும், மதுரைச் சமவெளியில் ஒரு கண்மாய்க் கரைமேல் நின்று நோக்குபவர்க்கு அப்பிரிவினை சிறிதும் பொருந்தாது. ஏனெனில் கண்மாய் மனிதன் கரையிட்டு ஆக்கியது, ஆக்கியபின் அதைத் தம் வாசஸ்தலமாக்கிக்கொண்ட ஜீவராசிகளோ அநேகம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வரத்துக்கால் வழியே செந்நீர் வந்து சேர, உள்வாயில் நிற்கும் நாட்டுக்கருவேல மரங்களில் கொக்கும் நாரையும் அடைய, அவற்றின் எச்சம் நீரில் விழுந்து பாசியை வளர்க்க, பாசியை உண்டு மீன்குஞ்சுகள் பெருக, அந்த உரமேறிய நீரே மடை வழியாக வயலை அடைகிறது. முறை வைத்து மடை திறக்கும் நீர்க்கட்டியும், கோடையில் வண்டலை வண்டியேற்றிப் புன்செய்க்குக் கொண்டுபோகும் குடியானவரும் இச்சக்கரத்தின் அங்கங்களே. அவர் அள்ளிய வண்டல் நிலத்துக்கு உரம், கண்மாய்க்கு ஆழம். மிகுநீர் வழிந்தோடும் கலுங்குக் கல்லை ஒரு சாண் உயர்த்தினாலும் உள்வாயை ஒட்டிய வயல் முழுகும், மறுகால் தாமதித்துக் கீழ்க்கண்மாய் காயும். ஆகவே அந்தக் கல்லின் உயரத்தில் ஊருக்கும் ஊருக்கும் இடையேயான தர்மமே அடங்கியிருந்தது.

இத்தகைய கண்மாயை ஊரார் கூடித் தூர்வாரிப் பேணும் கடமைக்குக் குடிமராமத்து என்று பெயர். 1858ஆம் ஆண்டில் மதராஸ் ராஜதானியில் சர்க்கார் இதைச் சட்டத்தால் கட்டாயமாக்க முற்பட்டது. நீரின்மேல் ஊருக்கிருந்த அதிகாரம் தளர்ந்தபின், கடமையை மட்டும் தனியே காப்பாற்ற எந்தச் சட்டத்தாலும் இயலாது என்பதே என் துணிபு. பின்னர் 1895இல் பெரியாற்று அணை எழுந்து, மேற்கே ஓடிய நீர் வைகைக்குத் திரும்பி மேலூர் வரை வந்தது மகத்தான உபகாரம்தான். ஆயினும் நகரம் பெருகப் பெருக வரத்துக்கால்கள் தூர்ந்தன. உள்வாய்களில் சீமைக்கருவேலம் மண்டிற்று. உலகனேரிக் கண்மாய் போன்றவை கட்டடங்களுக்கு இடமாயின.

இவ்வளவுக்கும் இடையில் மேலூருக்கு அருகே அரிட்டாபட்டி நிற்கிறது. சமண முனிவர் தங்கிய குகையும், தமிழி எழுத்துகளும், குடைவரைச் சிவாலயமும், மலைச்சுனைகளும், பாறை இடுக்குகளில் வாழும் வல்லூறுகளும் ஒருங்கே கொண்ட அவ்வூரை, 2022இல் தமிழக அரசு மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. ஈராண்டுக்குள் அப்பகுதியையும் உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்க ஏலம் நடந்தபோது, நஞ்சையையும் சுனையையும் நம்பி வாழும் மேலூர் வட்டார ஜனங்கள், ஆண்களும் பெண்களுமாகத் திரண்டு, மதுரை தல்லாகுளம் நோக்கி நடந்தார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு அவ்வேலத்தை ரத்துச் செய்தது.