குழுவேலையை அளந்த கதை

குழுவாகச் செய்த வேலையில் ஆளுக்கு எவ்வளவு பங்கு என்ற கேள்வி இணையவழி ஆசிரியர் பயிற்சியோடு பிறந்ததல்ல. 1789-இல் எழும்பூர் ராணுவ ஆண் அனாதை விடுதியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் விடுதிக்குக் கொண்டுவந்தார். உதவி ஆசிரியர் இசையாததால், எட்டு வயது ஜான் ஃபிரிஸ்கெனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். சட்டாம்பிள்ளை முறையை ஒத்த இந்த ஏற்பாடு, அவருடைய 1797-ஆம் ஆண்டு நூலின் வழியே 'மெட்ராஸ் முறை' என்று பிரிட்டனில் பரவியது. பெல்லின் விடுதியில் அன்றாடப் பாடத்துக்குப் பதிவேடு இருந்தது. குற்றங்களைக் குறிக்கக் கறுப்பு ஏடு இருந்தது. அவற்றை விசாரிக்க மாணவர்களே நடுவர்களாக அமர்ந்தார்கள். ஆனால் படித்த அளவும் செய்த பிழையும்தான் ஏட்டில் ஏறின. சேர்ந்து யோசித்த விதத்துக்கு அதில் இடமில்லை.

அந்த இடத்தைத் தர முயன்றது தமிழ்நாட்டில் 2012-13 கல்வியாண்டில் எட்டாம் வகுப்பு வரை வந்த தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு. நூற்றில் 40 மதிப்பெண் வளரறி மதிப்பீட்டுக்கு. அதில் பாதி செயல்பாடுகளுக்கு. நோக்கம் சிறந்தது. ஆனால் எது நல்ல செயல்பாடு என்று பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லாத இடங்களில் சார்ட் அட்டையின் அழகே மதிப்பெண்ணாயிற்று. ஆசிரியருக்கோ பதிவேடு நிரப்புவதே வேலையாயிற்று. எது நல்ல வேலை என்பதை வரிசைவரிசையாக எழுதிவைக்கும் ரூப்ரிக் என்னும் மதிப்பீட்டு அட்டவணையும் அப்படித்தான் முடியும், ஒத்துழைப்பைக் கட்டங்களில் அடைக்க முடியாது என்பது நியாயமான ஆட்சேபம். ஆனால் எழுதப்படாத அளவுகோல் மறைந்துவிடுவதில்லை. மதிப்பிடுபவரின் விருப்பு வெறுப்பாக மாறிவிடுகிறது. அட்டவணையை வேலை தொடங்கும் முன்பே குழுவின் முன் வைத்து, அவர்களோடு பேசித் திருத்தினால் அது கற்றலின் பகுதியாகிவிடும்.

2020 அக்டோபரில் ஒன்றிய அரசின் நிஷ்டா ஆசிரியர் பயிற்சி தீக்‌ஷா என்ற இணையத் தளத்துக்கு மாறிய பிறகு இத்தகைய அட்டவணையின் தேவை கூடியிருக்கிறது. கொசஸ்தலை ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் காட்டுப்பள்ளியில் அறிவியல் ஆசிரியர்கள் சிலர் ஆற்றுநீரின் உப்பையும் அனல்மின் சாம்பலின் பாதிப்பையும் ஆராய்வதாகக் கொள்வோம். இணையக் கோப்பில் தெரிவது தட்டச்சு செய்தவரின் பெயர். சேற்றில் இறங்கி நீர் எடுத்தவரும், மீனவரிடம் கேட்டறிந்தவரும், தவறான முடிவைத் தடுத்தவரும் அதில் தெரிவதில்லை. ஆகவே மாதிரி சேகரிப்பு, சான்றிலிருந்து முடிவுக்கு வந்த விதம், மாற்றுக் கருத்தை எதிர்கொண்ட முறை, வேலைப் பகிர்வு ஆகிய நான்குக்கும் அட்டவணையில் தனித்தனி வரிசை வேண்டும். சக உறுப்பினர்களின் மதிப்பீடும் சேர வேண்டும். தம் உழைப்பு நியாயமாக அளக்கப்படுவதை அறிந்த ஆசிரியரே தம் வகுப்பிலும் நியாயமாக அளப்பார். ஆசிரியர் கல்வி நிறுவனங்கள் இதை விதியாக்க வேண்டும்.