ஒரு கிரவுண்டு கனவு: சென்னையில் முதல் மனை வாங்கிய வழிகள்

மேற்கு மாம்பலத்துல லேக் வியூ ரோடுன்னு ஒரு தெரு இருக்கு. அங்க நின்னு எவ்வளவு தேடினாலும் ஏரி தெரியாது. ஒரு காலத்துல அந்தப் பக்கம் ‘லாங் டேங்க்’ன்னு ஒரு பெரிய ஏரி இருந்தது. 1920-ல் மெட்ராஸ் நகரமைப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகு அந்த ஏரியை வற்றவெச்சு, தெரு போட்டு, மனை பிரிச்சாங்க. அதுதான் இன்னைக்கு நாம தீபாவளிக்குத் துணி எடுக்கப் போற தி.நகர்.

ரியல் எஸ்டேட்ல எப்படி ஆரம்பிக்கிறதுன்னு நிறைய பேர் கேக்கறீங்க. டிப்ஸ் சொல்றதைவிட, நமக்கு முன்னாடி இருந்தவங்க எந்த வழியா உள்ள நுழைஞ்சாங்கன்னு பார்க்கறதுதான் எனக்குப் பயனுள்ளதா தோணுது. ஒவ்வொரு வழியிலும் நான் கேக்கப்போறது ஒரே கேள்விதான்: தப்பாப் போனா நஷ்டம் யார் தலையில விழும்?

முதல் வழி, கூட்டுச் சேமிப்பு. 1872-ல் மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்ட் தொடங்கியது. உறுப்பினர்கள் கொஞ்சம் கொஞ்சமா பணம் போடுவாங்க. தேவைப்பட்ட உறுப்பினர் அடமானம் வெச்சு அதிலிருந்தே கடன் வாங்குவார். ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்ச வட்டம். ரிஸ்க் எல்லார் தலையிலயும் பிரிஞ்சு நிக்கும்.

இரண்டாவது, அரசாங்கம். 1961-ல் வீட்டு வசதி வாரியம் உருவானது. அசோக் நகர், கே.கே. நகர், பெசன்ட் நகர் எல்லாம் அது வளர்த்த பகுதிகள். விண்ணப்பம் போட்டு, குலுக்கல்ல பேர் வந்தா, மாசத் தவணை கட்டி வீடு சொந்தமாகும். காத்திருக்கணும். ஆனா மனைக்கு அங்கீகாரம் இருக்கான்னு பயப்பட வேண்டாம்.

மூன்றாவது, வீட்டுக் கடன். அதுவரைக்கும் பல குடும்பங்கள் ரிட்டயர் ஆகி, பி.எஃப். பணம் வந்த பிறகுதான் வீடு கட்டினாங்க. 1977-ல் எச்.டி. பரேக் எச்.டி.எஃப்.சி.-யைத் தொடங்கினார். வருங்காலச் சம்பளத்தை நம்பி இன்னைக்கே வீடு வாங்கலாம் என்ற எண்ணம் மெல்லப் பரவியது. கடன் கொடுக்கறவங்க பத்திரத்தை வக்கீலிடம் காட்டிப் பார்ப்பாங்க. அது வாங்கறவருக்கும் ஒரு காவல்.

நான்காவது வழி உங்க வீட்டுப் பெரியவங்களுக்கு நல்லாத் தெரியும்: தவணை மனை. ஞாயித்துக்கிழமை இலவச வேன், மதியச் சாப்பாடு, வயலுக்கு நடுவுல கல்லு நட்ட பிளாட். பெரிய பணம் இல்லாதவங்களுக்கு இது ஒண்ணுதான் திறந்திருந்த கதவு. அதனால அவங்களை ஏமாளின்னு சொல்ல எனக்கு மனசு வரலை. ஆனா பல மனைகளுக்கு டி.டி.சி.பி., சி.எம்.டி.ஏ. அங்கீகாரம் கிடையாது. 2016 செப்டம்பர்ல அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாதுன்னு சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. விளைநிலமும் நீர்நிலையும் பிளாட்டா மாறுறதைத் தடுக்க அது தேவைப்பட்டது. ஆனா பொண்ணு கல்யாணத்துக்கு மனையை விற்க நினைச்சவங்க தவிச்சு நின்னாங்க. 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்தது; கட்டணம் கட்டிச் சரிசெய்ய வழி பிறந்தது. இந்த வழியில மட்டும் முழு நஷ்டமும் கடைசியா வாங்கினவர் தலையில விழுந்தது.

அந்தப் பாரத்தைக் குறைக்கத்தான் ரெரா சட்டம். 500 சதுர மீட்டருக்கு மேலயோ, எட்டு வீட்டுக்கு மேலயோ போனா திட்டத்தைப் பதிவு செய்யணும். வாங்குறவங்க கொடுக்கிற பணத்துல 70 சதவீதம் தனிக் கணக்குல இருக்கணும்.

ஐந்தாவது, ரீட். 2014-ல் செபி விதிகள் வந்தது. 2019-ல் இந்தியாவின் முதல் ரீட் பங்குச் சந்தைக்கு வந்தது. அலுவலகக் கட்டடங்களின் வாடகையில உங்களுக்குப் பங்கு. யூனிட் விலை ஏறும், இறங்கும். ஒரு விதத்துல, மயிலாப்பூர் ஃபண்டு மாதிரி மறுபடியும் கூட்டுப் பணம்தான். ஆனா பக்கத்துல இருக்கறவர் யாருன்னு தெரியாது.

எந்த வழியில போனாலும், அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, அங்கீகார எண் நாலையும் பாருங்க. கூடவே, பக்கத்துத் தெருப் பேர்ல ஏரி, குளம்னு ஏதாவது இருக்கான்னும் ஒரு நடை நடந்து பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.