எழுதி வைக்கப்பட்ட முறையீடு

கிழக்கு லண்டனின் பிரிக் லேன் தெருவில் ஒரு பழைய கட்டடம் உண்டு. பிரான்சில் மதக் கொடுமைக்கு ஆளாகித் தப்பி வந்த புராட்டஸ்டண்டு கிறித்தவர்கள் 1743இல் அதைத் தேவாலயமாகக் கட்டினர். பிற்காலத்தில் அது யூதர்களின் வழிபாட்டுக் கூடமாயிற்று. 1976இல் வங்கதேச முஸ்லிம்கள் அதைப் பள்ளிவாசலாக்கினர்.

அத்தனை பேருக்கு அடைக்கலம் தந்த அதே வட்டாரத்தில்தான் எழுபதுகளில் நம் சகோதரர்கள் தெருவில் நடக்கவே அஞ்சினர். வசை, கல்வீச்சு, அடி, உதை எல்லாம் அன்றாட நிகழ்வுகளாயின. காவல் நிலையத்தில் முறையிடச் சென்றவர்களிடம் கடவுச்சீட்டைக் காட்டச் சொன்னதும் உண்டு! அடிபட்டவனே குற்றவாளிபோல் நிற்க நேர்ந்ததால் பலர் வாய் திறக்கவில்லை. முறையீடு இல்லாததால் பதிவு இல்லை. பதிவு இல்லாததால், அப்படி எதுவும் நடக்கவில்லை என்று சொல்வது அதிகாரிகளுக்கு எளிதாயிற்று.

1978 மே 4 அன்று, அல்தாப் அலி எனும் இளம் தையல் தொழிலாளி வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் குத்திக் கொல்லப்பட்டார். பத்து நாள் கழித்து, ஏறத்தாழ 7,000 பேர் அவருடைய சவப்பெட்டியின் பின்னே மத்திய லண்டன்வரை நடந்தனர். இனவெறிக் கட்சியினர் ஞாயிறுதோறும் பத்திரிகை விற்ற தெருமுனையில் இளைஞர்கள் முன்கூட்டியே வந்து அமர்ந்து இடம்பிடித்தனர்.

ஊர்வலத்தையே எல்லோரும் நினைவுகூர்கின்றனர். நமக்கோ, அதே ஆண்டு வெளிவந்த ஓர் அறிக்கை அதற்கு இணையாகவே தோன்றுகிறது. அவ்வட்டாரத் தொழிற்சங்க மன்றம் தாக்குதல்களை ஒவ்வொன்றாகத் திரட்டி, ‘வீதிகளில் இரத்தம்’ எனும் பொருள்படும் தலைப்பில் அதை வெளியிட்டது. தனித்தனி வீடுகளுக்குள் முடங்கிக் கிடந்த துயரங்கள் அதில் ஒரே வரிசையில் நின்றன.

“வம்பு எதற்கு, பொறுத்துப் போ” என்று நம் வீடுகளிலும் சொல்லப்படுவதுண்டு. ஸப்ர் என்பது அதுவா? அபூதர் (ரலி) ஒருவரை அவருடைய தாயை இழித்துப் பேசியபோது, அந்தச் செய்தி நபி (ஸல்) அவர்களை எட்டியது. தம் அன்புக்குரிய தோழர் என்றும் பாராமல், அவரிடம் இன்னும் அறியாமைக் காலத்தின் குணம் இருப்பதாக நபியவர்கள் கண்டித்தார்கள். சொன்னவரை வம்புக்காரர் என்று எவரும் ஒதுக்கவில்லை.

1993இல் ஸ்டீஃபன் லாரன்ஸ் எனும் கறுப்பின மாணவர் லண்டனில் பேருந்து நிறுத்தமொன்றில் கொல்லப்பட்டார். அவ்வழக்கைக் காவல்துறை கையாண்ட விதத்தை ஆராய்ந்த மெக்ஃபெர்சன் அறிக்கை 1999இல் வெளியாயிற்று. பாதிக்கப்பட்டவரோ வேறு எவரோ ஒரு நிகழ்வை இனவெறிச் செயல் எனக் கருதினால், அது அவ்வாறே பதிவு செய்யப்பட வேண்டும் என்றது அது. காவல் நிலையத்துக்கு வெளியேயும், எந்நேரமும் புகார் அளிக்க வழி வேண்டும் என்றும் பரிந்துரைத்தது.

2012இல் பிரிட்டனில் தொடங்கப்பட்ட ‘டெல் மாமா’ அமைப்பும் அவ்வழியில் வந்ததே. ‘மாமாவிடம் சொல்’ என்று நம் காதில் விழும் அப்பெயர், முஸ்லிம்கள் மீதான தாக்குதல்களை அளவிடுதல் எனும் பொருள்தரும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கம். காவல் நிலையப் படியேறத் தயங்கிய பெண்கள், முக்காட்டைப் பிடித்து இழுத்தவனைப் பற்றி அங்கே சொல்ல முடிந்தது.