தமிழில் அரபியர்: சோனகன் சாவூர் முதல் பாக்தாத் திருடன் வரை

தாம்பரம் மின்தொடர் வண்டியில் பெரிய பெட்டிகளுடன் ஏறுவோர் பலர் திரிசூலத்தில் இறங்குகின்றனர். எதிரே மீனம்பாக்கம் விமான நிலையம். அங்கிருந்து துபாய்க்கும் ரியாத்துக்கும் தமிழர் பிழைக்கச் செல்லும் வழக்கம் 1973ஆம் ஆண்டின் எண்ணெய் விலையேற்றத்திற்குப் பின் பெருகியது. ஆயினும் வழியனுப்ப வருவோர் பலரின் மனத்திலுள்ள அரபு நாடு திரைப்படம் தீட்டிய நாடே ஆகும். குகை, வாள், திருடர், நடன மாதர், பொன் குவித்த ஷேக் என்பன அதன் கூறுகள். இச்சித்திரம் எங்கிருந்து வந்தது என்பது ஆராயத்தக்கது.

தமிழர்க்கு அரபியர் புதியவர் அல்லர். பத்துப்பாட்டுக்கு உரை கண்ட நச்சினார்க்கினியர் யவனர் என்னும் சொல்லுக்குச் சோனகர் எனப் பொருள் கொண்டார். கடல்வழி வந்த மேற்றிசையார் எனின் அவர் காலத்தார்க்கு அரபு வணிகரே நினைவுக்கு வந்தனர் என்பது இதனாற் புலப்படும். தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டில் சோனகன் சாவூர் என்னும் பெயர் காணப்படுகிறது. பாண்டியர்க்குக் குதிரை கொணர்ந்தோரும் அரபு, பாரசீகக் கடல் வணிகரே. இவர்கள் பெயரும் தொழிலும் உடைய மனிதராகவே நம் வரலாற்றில் இடம்பெற்றனர்.

17ஆம் நூற்றாண்டில் உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடினார். அதன் நாட்டுப்படலத்தில் அரபு நாட்டு மலையில் மழை பொழிகிறது, ஆறு பெருகுகிறது, வயல் விளைகிறது. பாலை நிலம் தமிழ் மருதமாகிறது. இதுவும் கற்பனையே. எனினும், தொலைவில் உள்ளோரை உறவாக்கிக் கொள்ளும் கற்பனை.

திரைப்படம் வேறு வழியிற் சென்றது. 1956இல் மாடர்ன் தியேட்டர்ஸ் வெளியிட்ட ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். 1960இல் ‘பாக்தாத் திருடன்’ வந்தது; 1973இல் ‘பாக்தாத் பேரழகி’ வந்தது. கதைத்தலைவர் நல்லவரே; ஆயினும் காண்போர் நெஞ்சில் தங்கியவை குகையும் கொள்ளையும்.

அலிபாபா கதைக்குப் பழைய அரபுக் கையெழுத்துப்படி எதுவும் கிடைத்திலது. அலெப்போ நகரத்து ஹன்னா தியாப் 1709இல் பாரிசில் வாய்மொழியாகக் கூற, அந்துவான் கலான் தம் பிரெஞ்சு நூலிற் சேர்த்த கதை அது. ‘பாக்தாத் திருடன்’ என்பதோ 1924இல் ஹாலிவுட் எடுத்த படத்தின் பெயர். ஆயிரம் ஆண்டுகளாக நம் துறைமுகங்களுக்கு வந்து சென்றவரை நாம் பாரிசின் வழியும் ஹாலிவுட்டின் வழியும் அறிந்துகொண்டோம். 762இல் கலீபா அல்மன்சூர் நிறுவிய நகரம் பாக்தாத். இந்திய எண்முறையைப் பற்றி அல்குவாரிஸ்மி நூல் எழுதிய இடமும் அதுவே. அந்நகர் நம் சுவரொட்டிகளில் திருடனுக்கு அடைமொழியாயிற்று. ஹாலிவுட்டின் 900க்கும் மேற்பட்ட படங்களை ஆராய்ந்த ஜாக் ஷாஹீன், அரபியர் அவற்றுட் பெரும்பாலும் இழிவாகவே காட்டப்பட்டனர் என 2001இல் வெளியான தம் நூலில் நிறுவினார்.

வளைகுடாவில் கஃபாலா முறைக்கு உட்பட்ட தமிழ்த் தொழிலாளர் பட்ட துன்பம் மெய்யானது. அதனை எழுதுதல் எழுத்தாளர் கடன். ஆனால் ஒரு முதலாளியின் கொடுமையை ஓர் இனத்தின் இயல்பாக எழுதுதல் பிழை. அத்தொழிலாளரின் துயரையும் அது ஒரு பழங்கதையாகச் சுருக்கிவிடும்.

தாம்பரத்தார் நாவில் வழங்கும் தாலுகா, வக்கீல், வசூல், பாக்கி ஆகியன அரபு வேர் கொண்ட சொற்கள். தெற்கே கோவளக் கடற்கரையில் தமீம் அன்சாரி தர்கா உள்ளது. நபிகள் நாயகத்தின் தோழர் ஒருவர் அங்கு அடங்கியுள்ளார் என்பது மரபு. அங்குப் பல சமயத்தாரும் சென்று வணங்குகின்றனர். நாள்தோறும் பேசும் மொழியிலும் வேண்டிக்கொள்ளும் இடத்திலும் அயலாராகத் தோன்றாதவர், உவமையில் மட்டும் ஏன் திருடராகவும் ஷேக்காகவும் நிற்கின்றனர்? கவிஞர் சிந்திக்கவேண்டிய வினா இது. கல்வெட்டு வெட்டியவன் சாவூருக்குப் பெயர் தந்தான். அந்த அளவு நேர்மையேனும் இக்காலக் கவிதைக்கும் வேண்டும்.