மிஸ்கீன்களின் படகு

அல்கஹ்ஃப் அத்தியாயத்தில் மூஸா (அலை), ஹிழ்ர் (அலை) ஆகிய இருவரின் பயணத்தை மாணவர்களுக்கு நாம் விளக்கிக்கொண்டிருந்த ஒரு நாளில், கடற்கரைத் தெருவிலிருந்து ஓத வரும் சிறுவன் ஒருவன் எழுந்து, “ஹஜ்ரத், ஓட்டை போட்ட படகு ஏன் முழுகல?” என்று கேட்டான். மற்றப் பிள்ளைகள் சிரித்தனர். அவன் சிரிக்கவில்லை. முந்தைய மழைக்காலத்தில் அவனுடைய தந்தையார் பங்கு வைத்திருந்த படகு, கடலுக்குப் போகாமல் கட்டிய இடத்திலேயே ஓரிரவில் மூழ்கிப்போனதை நாம் பின்னரே அறிந்தோம்.

அந்தக் கேள்விக்கு ஹதீஸிலேயே விடை உண்டு. ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள நீண்ட அறிவிப்பில், பலகை பெயர்க்கப்பட்ட இடத்தில் முளை அறையப்பட்டதாகவும், ஆபத்து நீங்கிய பின் படகுக்காரர்கள் அதைச் செப்பனிட்டுக்கொண்டதாகவும் வருகிறது. கண்ணாடிக் குப்பியால் அடைத்தார்கள் என்பது ஒரு கூற்று. கீல் பூசி அடைத்தார்கள் என்பது மற்றொரு கூற்று. ஆக, படகு தானாகத் தப்பவில்லை. அதை அடைக்கத் தெரிந்த கைகள் இருந்தன. அந்தக் கைகளின் வரலாறு நம் இராமநாதபுரம் கரைக்கும் உரியது. அதையே இங்கு சொல்ல விழைகிறோம்.

ஆணியின்றித் தைத்த மரக்கலங்கள்

நூஹ் (அலை) அவர்களின் கப்பலைப் பலகைகளாலும் ‘துஸுர்’களாலும் ஆனது என்று அல்கமர் அத்தியாயம் குறிப்பிடுகிறது. துஸுர் என்பதற்கு ஆணிகள் எனப் பொருள் கூறிய விரிவுரையாளர்கள் பலர். பலகைகளைப் பிணைக்கும் நார்க்கயிறு எனக் கூறியோரும் உண்டு. இந்தியப் பெருங்கடலில் ஓடிய பழைய மரக்கலங்களைக் கண்டவர்களுக்கு இரண்டாம் பொருளும் வியப்பளிக்காது. 1183ஆம் ஆண்டில் செங்கடல் துறைமுகமான ஐதாபுக்கு வந்த இப்னு ஜுபைர், அங்குள்ள கப்பல்களில் ஆணி இல்லை என்றும், தென்னை நாரால் திரித்த கயிற்றால் அவை தைக்கப்பட்டிருந்தன என்றும், நெய், ஆமணக்கெண்ணெய் அல்லது சுறா எண்ணெய் அவற்றுக்குப் பூசப்பட்டது என்றும், இவற்றுள் சுறா எண்ணெயே சிறந்தது என்றும் எழுதி வைத்தார். அந்தக் கப்பல்களுக்கான மரம் இந்தியாவிலிருந்தும் யமனிலிருந்தும் சென்றது.

பலகைகளுக்கிடையே உள்ள இடுக்குகளில் பஞ்சு அல்லது நாரைத் திணித்து, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தைப் பூசி நீர் புகாமல் அடைக்கும் வேலைக்குத் தமிழில் கலப்பற்று என்று பெயர். பேச்சில் கலப்பத்து என்பர். அரபியில் இவ்வேலையைக் குறிக்கும் சொல் ‘கலஃப’. வளைகுடா நாடுகளில் மரக்கலம் கட்டுபவருக்கு ‘கல்லாஃப்’ என்று பெயர். இச்சொற்களின் ஒலி நெருக்கம் கவனிக்கத்தக்கது. கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் மரைக்காயர்களின் தோணிகள் இலங்கைக்கும் கிழக்குத் தீவுகளுக்கும் ஓடிய காலமெல்லாம், மாலுமியின் திறமைக்கு நிகராகக் கலப்பற்றுக்காரரின் கைத்திறனும் மதிக்கப்பட்டது. நடுக்கடலில் காப்பது மாலுமி. துறையில் காப்பது கலப்பற்றுக்காரர்.

இப்னு பதூதா கண்ட இரு காட்சிகள்

கப்பல் கரையருகே நின்றாலும் பாதுகாப்பில்லை என்பதை 14ஆம் நூற்றாண்டில் இப்னு பதூதா இருமுறை கண்டார். முதலாவது கோழிக்கோட்டில். டில்லி சுல்தான் சீனப் பேரரசருக்கு அனுப்பிய அன்பளிப்புகள் கப்பலில் ஏற்றப்பட்டிருந்தன. ஜும்ஆ தொழுகைக்காக இப்னு பதூதா கரையில் தங்கினார். அன்றிரவு எழுந்த புயலில், கரைக்கருகே நின்ற அந்தப் பெருங்கப்பல் மோதி உடைந்தது, அதிலிருந்தோர் மாண்டனர். அவருடைய உடைமைகள் இருந்த மற்றொரு கப்பல் அவரை விட்டுவிட்டுப் பாய் விரித்துப் போயிற்று.

இரண்டாவது நம் கரையில். இலங்கையிலிருந்து மஃபர் எனப்பட்ட இக்கரைக்கு வந்தபோது, காற்று வலுத்துக் கப்பலுக்குள் நீர் புகும் நிலை ஏற்பட்டது. வழியறிந்த மாலுமி அதில் இல்லை. கப்பல் ஆழமற்ற நீரில் தரைதட்டியது. பாய்மரத்தை வெட்டிக் கடலில் தள்ளி, கட்டைகளைப் பிணைத்து மிதவை செய்தார்கள். தம்முடன் இருந்தவர்களை முதலில் அனுப்பிவிட்டு, அவர் கப்பலின் பின்புறத்தில் ஏறி இரவைக் கழித்தார். விடிந்தபின் இவ்வூர் மக்கள் படகில் வந்து மீட்டனர்.

பின்னர் அவர் கண்ட ‘பத்தன்’ என்ற துறைமுகத்தைப் பெரியபட்டினம் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. அங்கே கடலில் பருத்த மரங்களை நட்டு, அவற்றின்மேல் பெரிய மரமண்டபம் ஒன்று எழுப்பப்பட்டிருந்தது. கூரையிட்ட மரப்பாதை வழியே அதை அடைந்தனர். பகைவர் வரும்போது துறையிலுள்ள மரக்கலங்களை அம்மண்டபத்தோடு சேர்த்துக் கட்டி, வில்லாளிகள் மேலே ஏறிக் காத்தனர். கட்டிய கலத்தைத் தனியே விடாமல் ஊரே காத்து நின்ற ஏற்பாடு அது.

புயல் எடுத்தவையும் மீண்டவையும்

இராமேசுவரத்தில் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்களின் தந்தையார் ஜைனுலாப்தீன், பள்ளிவாசலில் தொழவைத்த இமாம். படகுத் தொழிலும் செய்தார். யாத்திரிகர்களை தனுஷ்கோடிக்கு ஏற்றிச் செல்ல, உறவினர் அகமது ஜலாலுத்தீனுடன் சேர்ந்து கடற்கரையில் மரப்படகு ஒன்றைக் கட்டியதையும், பின்பு புயலொன்று அதைக் கொண்டுபோனதையும் கலாம் தம் வாழ்க்கை நூல்களில் நினைவுகூர்ந்துள்ளார். பள்ளிவாசலின் இமாம் கட்டிய படகு கோயிலுக்கு வந்தவர்களைச் சுமந்தது என்பது நம் கரையின் இயல்பு.

1964 டிசம்பர் 22 நள்ளிரவில் வந்த புயல் தனுஷ்கோடியையே அழித்தது. பயணிகளுடன் வந்த ரயில் அலையில் மூழ்கியது. 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் பாலத்தின் இரும்பு உத்திரங்கள் பெரும்பாலும் கடலுக்குள் விழுந்தன. பொறியாளர் இ. ஸ்ரீதரன் பொறுப்பேற்று, கடலடியில் கிடந்த உத்திரங்களைத் தூக்கியெடுத்து மீண்டும் பொருத்தி 46 நாட்களில் பாலத்தைச் சீராக்கினார். மூழ்கியதெல்லாம் இழந்ததாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் எடுப்பதற்கு ஆளும் பொருளும் விரைவும் வேண்டும்.

கட்டிய இடத்தில் ஏன் மூழ்குகிறது

மண்டபத்திலும் பாம்பனிலும் இராமேசுவரத்திலும் வாடைக்காலத்தில் வடகடல் கொந்தளிக்கும். சோழகக் காலத்தில் தென்கடல் கொந்தளிக்கும். அதற்கேற்பப் படகுகளைப் பாம்பன் கால்வாய் வழியே ஒரு கடலிலிருந்து மறுகடலுக்கு மாற்றும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. பருவம் தவறி ஒரே இடத்தில் நிற்கும் படகு, நங்கூரம் இழுபட்டு அடுத்த படகில் மோதிப் பலகை விரியும்.

மற்றக் காரணங்கள் ஓசையற்றவை. நிமிடத்துக்கு ஒரு லிட்டர் கசிவு பார்வைக்கு அற்பம். ஒரு நாளில் அது 1,440 லிட்டர், மூன்று வாரத்தில் 30 டன். பதினைந்து மீட்டர் நீளமும் ஐந்து மீட்டர் அகலமும் உள்ள திறந்த படகில் பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏழரை டன் நீர் சேரும். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் மன்னார் வளைகுடாவிலேயே வலுவிழந்து நின்று மழையைக் கொட்டியதை நாம் மறக்கவில்லை. நீர் சேரச் சேரப் படகு தாழும்; தாழத் தாழ, முன்பு நீர்மட்டத்துக்கு மேலிருந்த வெடிப்புகளும் துளைகளும் நீருக்குள் வரும். ஆகவே வாரக்கணக்கில் மெல்லத் தாழ்ந்த படகு கடைசி ஒரு மணி நேரத்தில் மூழ்கிவிடுகிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்க்கின்றனர். வெயிலில் பலகை காய்ந்து சுருங்கி இடுக்குகள் திறக்கும். மீண்டும் நீரில் இறக்கியதும் மரம் ஊறி விரியும்வரை கசிவு இருக்கும். அந்த முதல் இரவுகளில் ஆள் காவல் இன்றியமையாதது. விசிறித்தண்டு வெளியேறும் இடத்திலுள்ள அடைப்புக் கயிறு தேய்ந்தாலும் நீர் புகும். மின்கலம் தீர்ந்தால் தானியங்கிப் பம்பு நின்றுவிடும். கப்பற்புழு மரத்தை உள்ளிருந்தே துளைக்கும். வெளியே குண்டூசித் துளைதான் தெரியும். மேலும், கடல்நீரைவிடத் தேங்கிய மழைநீரே மரத்தை விரைவில் உளுக்கச் செய்யும். ஆதலால் மழை விட்டதும் இறைத்துவிட வேண்டும்.

மூழ்கிவிட்டால் முதலில் உயிர், அடுத்துக் கயிறுகள். படகு மேலும் புரளாதபடி இருபுறமும் கட்டி, நீர் வற்றும் வேளையில் துளையைக் கண்டு அடைத்து, காலிப் பீப்பாய்களைப் பக்கங்களில் பிணைத்து உயர்த்தி, பின்னரே பம்பு வைக்க வேண்டும். துளையை அடைக்காமல் நீர் இறைப்பது வீண். எஞ்சினை உடனே முடுக்கிப் பார்ப்பது பெருந்தவறு. மூழ்கிக் கிடக்கும்போது பிடிக்கும் துருவைவிட, வெளியே எடுத்துக் காற்றுப் பட்டபின் பிடிக்கும் துரு வேகமானது. அன்றைக்கே பழைய எண்ணெயை வடித்து, நல்ல தண்ணீரால் கழுவி, உருளைகளில் எண்ணெய் விட்டுக் கையால் சுழற்றினால் எஞ்சின் பெரும்பாலும் பிழைக்கும். தூக்குவதற்கு முன்பே படம் எடுத்து மீன்வளத் துறைக்கும் காப்பீட்டுக்கும் தெரிவித்துவிடுவது நலம்.

இவ்வளவும் செய்ய ஆள் அருகில் இருக்க வேண்டும். எல்லை தாண்டியதாகப் பிடிக்கப்பட்டு, காரைநகர், காங்கேசன்துறை, தலைமன்னார் முதலிய துறைகளில் கட்டப்பட்ட நம் கரைப் படகுகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. வழக்கு நடக்கும் மாதங்களில் இறைப்பாரின்றி அவற்றுள் பல உளுத்தன, பல மூழ்கின. 2022 பிப்ரவரியில் இலங்கை மீன்வளத் துறை அவற்றை ஏலம் விட்டது. அக்கரையில் இழுவை மடியால் வலை அறுபட்டு நிற்கும் மீனவரும் கடலில் உழைக்கும் ஏழைகளே என்பதையும் நீதியுடன் நினைக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

மார்க்கம் நம்மிடம் கேட்பது

அந்த அத்தியாயத்தின் 79ஆம் வசனம் படகின் உரிமையாளர்களை மிஸ்கீன்கள் என்றே அழைக்கிறது. படகு இருந்தும் அவர்கள் ஏழைகள். இதிலிருந்தே இமாம் ஷாஃபிஈ (ரஹ்), மிஸ்கீன் என்பவர் ஓரளவு பொருள் இருந்தும் தேவைக்குப் போதாதவர் என்று சட்டம் எடுத்தார்கள். ஃபகீர், மிஸ்கீன் இரண்டின் வரையறையில் ஹனஃபி அறிஞர்கள் வேறுபட்டாலும், இருவருக்கும் ஜகாத் உண்டு என்பதிலும், தொழிற்கருவி வைத்திருப்பது ஜகாத் பெறத் தடையாகாது என்பதிலும் கருத்து வேறுபாடில்லை. ஷாஃபிஈ மத்ஹபு வேரூன்றிய நம் கரையில், “அவருக்கென்ன, லட்சக்கணக்கில் படகு இருக்கிறதே” என்று சொல்லி, மூழ்கிய படகின் குடும்பத்தை ஜகாத் பட்டியலிலிருந்து நீக்குவது எப்படிச் சரியாகும்? படகுக்காகக் கடன்பட்டு அடைக்க முடியாதவர் கடனாளிகள் என்ற பிரிவிலும் சேர்வார்.

கடல் இழப்பைப் பற்றி ஃபிக்ஹு நூல்கள் நுட்பமாகப் பேசுகின்றன. கப்பல் மூழ்கும் நிலையில் உயிர்களைக் காக்கச் சரக்கைக் கடலில் எறிய வேண்டும். ஆனால் பிறர் சரக்கை அவர் அனுமதியின்றி எறிந்தவர் ஈடு கொடுக்க வேண்டும். “உன் சரக்கை எறி, நான் பொறுப்பு” என்று சொன்னவர் அந்தச் சொல்லுக்குக் கட்டுப்படுவார். மூழ்கிய படகிலிருந்து எஞ்சினையும் வலையையும் கழற்றிச் செல்வதை ‘கடல் கொடுத்தது’ என்று எண்ணுவோர் இதைச் சிந்திக்க வேண்டும். உரிமையாளர் தெரிந்த பொருள் அமானிதமே.

கப்பலின் கீழ்த்தளத்தார் தண்ணீருக்காக அடியில் துளையிட முனைந்தபோது, மேல்தளத்தார் தடுத்தால் எல்லாரும் தப்புவர், விட்டுவிட்டால் எல்லாரும் மூழ்குவர் என்று நபி (ஸல்) அவர்கள் உவமை கூறினார்கள். துறையில் அண்டைப் படகு தாழ்ந்து நிற்பதைக் கண்டும் கடந்து போகிறவருக்கு இந்த உவமை நேரடியாகவே பொருந்தும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படி அறிவுறுத்தியவர்களும் அவர்களே. கயிற்றைச் சரிபார்ப்பதும் நீரை இறைப்பதும் தவக்குலின் பகுதிகள்.

ஆகவே மூன்று செயல்களைக் கடற்கரை ஜமாஅத்துகளிடம் முன்வைக்கிறோம். மழைக்காலத்தில் ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் இருவர் மூவராகத் துறையைச் சுற்றிப் பார்க்கும் முறையை ஏற்படுத்தலாம். ஜமாஅத்துக்குப் பொதுவாக ஒரு டீசல் பம்பும் சில பீப்பாய்களும் வாங்கி, எம்மதத்தவர் படகானாலும் கொடுத்து உதவலாம். ரமளானில் ஜகாத் பட்டியல் எழுதும்போது, அவ்வாண்டு படகை இழந்த வீடுகளை முதலில் விசாரிக்கலாம்.

அன்று கேள்வி கேட்ட சிறுவனிடம், “ஓட்டையை அடைக்க ஆள் இருந்தாங்க தம்பி, அதனாலதான் முழுகல” என்று விடை சொன்னோம். அவன் சற்று யோசித்து, “எங்க படகுக்கு யாரும் வரலையே ஹஜ்ரத்” என்றான். அதற்கு நம்மிடம் விடை இருக்கவில்லை. அடுத்த மழைக்காலத்திற்குள் இன்ஷா அல்லாஹ் அந்த விடையை நாம் சேர்ந்து தேடிக்கொள்வோம்.